லேசான ஆஸ்துமா: ஒரு பெயரின் தகுதி

ஆஸ்துமாவை 'லேசானது' என்று மருத்துவர் சொல்லும்போது நோயாளியின் காதில் விழுவது 'பயமில்லை' என்பதுதான். ஆனால் வழக்கமாக அந்தத் தரம் பிரிக்கப்படுவது அறிகுறிகளைப் பார்த்துத்தான்: வாரத்தில் எத்தனை நாள் இழுப்பு, இரவில் தூக்கம் கெடுகிறதா, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா. அடுத்த மாதம் உயிரைப் பறிக்கும் தாக்குதல் ஒன்று வருமா என்பது அந்தக் கணக்கில் சேராது. பெரும்பாலும் அறிகுறியும் ஆபத்தும் சேர்ந்தே ஏறி இறங்கும். அவை பிரியும் இடத்தில்தான் உயிர் போகிறது.

பிரிட்டனில் 2012 பிப்ரவரியில் தொடங்கி ஓராண்டுக்குள் நேர்ந்த ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2014-இல் ஓர் அறிக்கை வந்தது. மொத்தம் 195 மரணங்கள். நோயின் கடுமையைக் கணிக்க முடிந்த 155 பேரில் கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களாகத் தோன்றியவர்கள் 61 பேர்தான். 76 பேர் நடுத்தர ஆஸ்துமாவுக்கும், 14 பேர் லேசான ஆஸ்துமாவுக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள். 195 பேரில் 87 பேர் கடைசித் தாக்குதலின்போது மருத்துவ உதவி கேட்காமலோ, உதவி வந்து சேரும் முன்போ இறந்திருக்கிறார்கள்.

'லேசானது' என்ற பெயர் ஏமாற்றுகிறது என்ற வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை எழுப்பியதும் அதே அறிக்கைதான்: லேசானது, நடுத்தரம் என்று சிகிச்சை பெற்ற பலருக்கு உண்மையில் இருந்தது சரியாகக் கவனிக்கப்படாத ஆஸ்துமாவாக இருக்கலாம். அப்படியானால் பெயரில் தவறில்லை, ஒட்டிய ஆள்தான் தவறு என்று வாதிடலாம். எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. இறந்தவரை எல்லாம் 'அவருக்கு லேசானது அல்ல' என்று பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால், மிஞ்சுகிறவர்கள் பாதுகாப்பாக இருப்பதில் வியப்பென்ன? ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுக் குழுவான ஜினாவின் இலக்கணப்படியே, குறைந்த அளவு சிகிச்சையில் சில மாதங்கள் நோய் கட்டுக்குள் நின்ற பிறகுதான் அதை 'லேசானது' என்று சொல்ல முடியும். முதல் நாளே சீட்டில் எழுதினால் அது வெறும் ஊகம்.

பெயர் செய்யும் கெடுதலின் வழி மருந்தில் இருக்கிறது. ஆஸ்துமாவின் வேர் மூச்சுக்குழாய் உட்சுவரின் அழற்சி. தூசியோ சளிக் கிருமியோ பட்டதும் தசை இறுகுகிறது, சுவர் வீங்குகிறது, கெட்டிச் சளி அடைக்கிறது. சல்பூட்டமால் பஃப் தசையைத் தளர்த்தும். சில நிமிடங்களில் மூச்சு விடும். அழற்சியை அது தொடாது. ஆனால் 'லேசானது' என்றவர்களுக்குப் பல ஆண்டுகளாக அதை மட்டுமே கொடுத்தார்கள். அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு பஃப் 'பெரிய' நோய்க்கு என்று ஒதுக்கப்பட்டது. நம் ஊரில் இன்னும் ஒரு படி மேலே: ஆஸ்துமா என்ற பேச்சே எடுக்காமல் 'கொஞ்சம் வீசிங்' என்போம், பஃப் பழகிவிடும் என்றும் பயப்படுவோம்.

2019-இல் வெளியான நாவல் ஸ்டார்ட் ஆய்வு இந்த வழக்கத்தை நேராகவே சோதித்தது. லேசான ஆஸ்துமா உள்ள 668 பேர், மூன்று குழுக்கள்; இங்கே அவற்றில் இரண்டு போதும். தேவைப்படும்போது சல்பூட்டமால் மட்டும் இழுத்த குழுவில் ஓராண்டில் 23 கடுமையான தாக்குதல்கள். தேவைப்படும்போது புடசோனைடு என்ற ஸ்டீராய்டும் தசையைத் தளர்த்தும் ஃபார்மோடெராலும் கலந்த பஃப் இழுத்த குழுவில் 9. தங்களுக்கு எந்த மருந்து என்று நோயாளிகளுக்குத் தெரிந்தே நடந்த ஆய்வு என்பது அதன் குறை. அந்தக் குறையைக் கழித்தாலும் இடைவெளி பெரிதுதான். அதே ஆண்டு ஜினா, சல்பூட்டமால் மட்டும் என்ற சிகிச்சையைப் பரிந்துரைப்பதை நிறுத்தியது.

பெயருக்கு ஆதரவாகவும் சொல்ல இருக்கிறது. ஆய்வுக்கு ஆள் எடுக்க அது தேவை. பீதியைக் குறைக்கிறது, விலையுயர்ந்த ஊசிகளும் ஸ்டீராய்டு மாத்திரைகளும் தேவையில்லாதவரிடம் போய்ச் சேராமல் தடுக்கிறது. நாள்தோறும் பஃப் இழுப்பவருக்கு அறிகுறிகள் இன்னும் குறைவாக இருக்கும் என்பதும் உண்மை: 2018-இன் சிக்மா-1 ஆய்வில் தினமும் புடசோனைடு எடுத்தவர்களுக்கு நோய் கட்டுக்குள் இருந்த வாரங்கள் 44.4 சதவீதம், தேவைப்படும்போது கலவைப் பஃப் எடுத்தவர்களுக்கு 34.4. ஆனால் கடுமையான தாக்குதல்கள் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். அன்றாடச் சுகம் ஒரு அளவுகோல், ஆபத்து இன்னொன்று என்பதை இந்த எண்களே காட்டிக்கொடுக்கின்றன.

ஆகவே என் தீர்ப்பு: ஆய்வுத்தாளில் அந்தப் பெயர் இருக்கட்டும், மருந்துச் சீட்டில் வேண்டாம். அந்த இடத்தில் கடந்த ஓராண்டில் எத்தனை முறை நெபுலைசர் வைக்க நேர்ந்தது, எத்தனை முறை ஸ்டீராய்டு மாத்திரை, 200 அழுத்தம் கொண்ட சல்பூட்டமால் பஃப் எத்தனை தீர்ந்தது என்று எழுதலாம். ஆண்டுக்கு மூன்று தீர்ந்தாலே தாக்குதலுக்கான வாய்ப்பு கூடுகிறது. பன்னிரண்டைத் தொட்டால் மரணத்துக்கான வாய்ப்பு. மூன்று என்பது நாளொன்றுக்கு இரண்டு அழுத்தம்கூட இல்லை.