குகைச் சுவரும் வான்வெளியும்: லஸ்கோ ஓவியங்கள் பற்றிய ஒரு குறிப்பு

பிரான்சின் தென்மேற்கே டோர்டோன் பகுதியிலுள்ள லஸ்கோ குகை 1940 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 17,000 ஆண்டுகளுக்கு முன்னர், அல்லது அதற்குச் சற்று முந்தி, வேட்டைச் சமூகத்தினர் தீட்டிய இவ்வோவியங்களை இரவு வானின் படங்களாகக் கொள்ளும் கருத்தொன்று அண்மைக் காலத்தில் செல்வாக்குப் பெற்றுள்ளது. அதன் சான்றுகளையும் அதன் அடிப்படை நோக்கினையும் நாம் இங்கு பரிசீலிக்க விரும்புகிறோம்.

குகையின் காளை மண்டபத்தில், பெருங்காளை ஒன்றின் தோளுக்கு மேலாக ஆறு புள்ளிகள் காணப்படுகின்றன. ஜேர்மனிய ஆய்வாளர் மைக்கல் ரப்பென்குளுக் இவற்றைக் கார்த்திகை மீன்கூட்டம் என்றார். காளை இடபராசி ஆயிற்று. 2018 இல் ஸ்வெற்மன், கூம்ஸ் ஆகிய இருவரும் மேலும் ஒருபடி சென்று, குகை விலங்குகள் விண்மீன் கூட்டங்களைக் குறிப்பன என்றும், அவற்றின் துணையுடன் காலம் கணிக்கப்பட்டது என்றும் வாதிட்டனர்.

இக்கருத்தின் கவர்ச்சிக்குக் காரணம் உண்டு. ஆதிமனிதனை அறிவிலியாகக் கண்ட பழைய ஏளனத்தை அது மறுக்கிறது. அம்மறுப்பு எமக்கும் உடன்பாடே. ஆயின், நோக்கம் நன்றாயிருத்தல் சான்றாகிவிடாது.

வானிலே காளை இல்லை, விண்மீன்களே உள்ளன. இதே மீன்கூட்டத்தைக் கிரேக்கர் ஏழு சகோதரியராகக் கண்டனர். சங்கச் சான்றோர் அறுமீன் என்றனர். அப்பகுதி வானைக் காளையாகக் கண்டமைக்கு எமக்குக் கிடைக்கும் எழுத்துச் சான்று மெசப்பொத்தேமியாவினுடையது. அது மந்தை வளர்த்து, ஏர் பூட்டி உழுத சமூகம். லஸ்கோ மக்களோ மந்தையும் ஏரும் அறியாதவர். 10,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியைக் கடந்து ஒரு படிமம், அதனைத் தாங்கிய சமூக வாழ்வு முற்றாக மாறிய பின்னரும், மாறாது வந்தடைந்தது எனக் கொள்வது கருத்துமுதல்வாதமேயாகும். மேலும், குகையிற் காணப்படும் எண்ணற்ற புள்ளிகளுள் ஆறினை மாத்திரம் தெரிந்தெடுத்து ஏனையவற்றை விட்டுவிடும் முறையால் எதனையும் நிறுவிவிடலாம்.

எனினும், எமது தரப்பின் குறையையும் மறைத்தலாகாது. உணவுத் தேவையே ஓவியமாயிற்று, வேட்டை மந்திரமே கலையாயிற்று என்னும் விளக்கத்தை முற்போக்காளர் பலர் ஆராயாது ஏற்றனர். லஸ்கோவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட எலும்புகளுட் பெரும்பாலானவை துருவமானுக்கு உரியவை. அங்குள்ள நூற்றுக்கணக்கான விலங்குருவங்களிலோ துருவமான் ஒன்றே இனங்காணப்பட்டுள்ளது. உண்டதும் வரைந்ததும் ஒன்றல்ல. மார்க்சியக் கலையாய்வாளர் மாக்ஸ் ரஃபேல் 1945 இலேயே வேட்டை மந்திர விளக்கத்தின் போதாமையை உணர்த்தி, அவ்வோவியங்களிற் சமூக உறவுகளைத் தேடினார். பொருளியல் அடித்தளத்திலிருந்து கலைக்கு நேர்கோடு இழுப்பதும் இயந்திரப் பார்வையே.

அவ்வாறாயின் வழி யாது? நோர்பேர் ஓஜுலாவின் ஆய்வு இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. உருவங்கள் ஒன்றன்மேலொன்றாக அமையுமிடங்களில் முதலிற் குதிரையும், அதன்மேற் காட்டெருதும், இறுதியிற் கலைமானும் தீட்டப்பட்டுள்ளன என அவர் காட்டினார். உரோமம், கொம்பு முதலிய அடையாளங்களைக் கொண்டு, குதிரைகள் குளிர்கால முடிவையும் இளவேனிலையும், எருதுகள் கோடையையும், கலைமான்கள் இலையுதிர்காலத்தையும் குறிப்பன என்றார். 2023 இல் பென்னெற் பேக்கனும் பிறரும், விலங்குகளின் அருகேயுள்ள புள்ளிகளும் கோடுகளும் அவற்றின் இனப்பெருக்கக் காலத்தைச் சந்திர மாதங்களில் எண்ணியவை என்றனர். இது விவாதத்துக்குரியதே. ஆயினும், அம்மக்கள் எதை அறியவேண்டியிருந்தது என்னும் சரியான வினாவிலிருந்து அது தொடங்குகிறது. பல குகைகளின் குறிகளை ஒருங்கே வைத்துச் சோதிக்கவும் அது இடந்தருகிறது.

அம்மக்கள் வானை நோக்கியிருப்பர் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால், விலங்கு எப்போது கருவுறும், எப்போது இடம்பெயரும் என அறியவேண்டிய உழைப்பின் வழியேதான் வானம் அவர்களது அறிவிற் புகுந்திருக்கும். எமது இராசிச் சக்கரத்தை அவர்களுக்கு இரவல் கொடுப்பது அவர்களைப் பெருமைப்படுத்துவதாகாது. அவர்களது அறிவை அவர்களது வாழ்விலிருந்தே விளங்கிக்கொள்வதுதான் ஆய்வாளர் அவர்களுக்குச் செலுத்தக்கூடிய மதிப்பு.