சாலைக்குத் தரம் இடுவது யார்?

நிலப்படத்தில் ஒரு சாலை தடித்த கோடாகவும் இன்னொன்று மெல்லிய கோடாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த வேறுபாட்டை முடிவு செய்தவர் யார் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? அரசு வெளியிடும் படமானால் விடை எளிது. ஆனால் 2004ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' படத்தை வரைபவர்கள் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள். சாலையின் தரத்தையும் அவர்களே குறிக்கிறார்கள். அந்தத் தரப் பகுப்பைத்தான் இங்கே சற்று உரசிப் பார்க்கப் போகிறோம்.

மோட்டார்வே, டிரங்க், பிரைமரி, செகண்டரி என்னும் பெயர்கள் எல்லாம் பிரிட்டனில் பிறந்தவை. இவற்றுள் மோட்டார்வேயில் சிக்கல் குறைவு. போகும் பாதையும் வரும் பாதையும் நடுவில் பிரிக்கப்பட்டு, குறுக்குச் சந்திப்பே இல்லாமல், ஏறவும் இறங்கவும் தனி இணைப்புகள் உள்ள சாலை அது. அமெரிக்கர் இதை ஃப்ரீவே என்பார்கள். பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

அடுத்த தரத்தில்தான் வம்பு தொடங்குகிறது. பிரிட்டனில் பச்சைப் பலகை வைத்த 'பிரைமரி' வழிகளைப் படத்தில் டிரங்க் என்று குறிக்கிறார்கள். மற்ற 'ஏ' சாலைகளே படத்தில் பிரைமரி. அரசு பிரைமரி என்பது படத்தில் பிரைமரி அல்ல! வேடிக்கைதான். ஆயினும் பலகையைப் பார்த்தால் தரம் தெரிந்துவிடுவதால் சண்டை இல்லை.

அமெரிக்காவில் அப்படி ஒரு பலகை கிடையாது. ஃப்ரீவே போல அமைந்து, ஆங்காங்கே சந்திப்புகள் கொண்ட சாலையே டிரங்க் என்றனர் ஒரு சாரார். அமைப்பு எதுவானாலும் பெரிய ஊர்களை இணைப்பதே டிரங்க் என்றனர் மறுசாரார். முதல் கொள்கைப்படி வரைந்தால் நகரத்தையொட்டிச் சில மைல் டிரங்க், பிறகு பிரைமரி, மீண்டும் டிரங்க் எனக் கோடு துண்டு துண்டாகிவிடுகிறது. அண்மை ஆண்டுகளில் பல மாநிலங்களில் இரண்டாம் கொள்கையைக் கைக்கொண்டார்கள். அதுவே சரி என்பது என் கருத்து. தடங்கள் எத்தனை, வேக வரம்பு என்ன, தளம் எத்தகையது என்பவற்றைத் தனித்தனியே குறிக்க இப்படத்தில் வசதி உண்டு. ஒரே சொல் எல்லாச் சுமையையும் தாங்க வேண்டியதில்லை அல்லவா?

ஆனால் இதிலும் ஓர் இடர் உண்டு. களத்தில் சரிபார்க்கத்தக்கதையே குறிக்க வேண்டும் என்பது இப்படத்தாரின் கொள்கை. சாலையின் 'முக்கியத்துவம்' களத்தில் எங்கே எழுதியிருக்கிறது? மேலும், வழிகாட்டும் கணினி நிரல்கள் வேக வரம்பு குறிக்கப்படாத இடத்தில் தரத்தைக் கொண்டே வேகத்தை ஊகிக்கின்றன. மோட்டார்வே என்றால் மிதிவண்டிக்கு இடமில்லை என்றும் கொள்கின்றன. வயோமிங் மாநிலத்திலோ இன்டர்ஸ்டேட் சாலையின் ஓரத்தில் மிதிவண்டி ஓட்டலாம்! 'மிதிவண்டி செல்லலாம்' என்று யாரேனும் தனியே குறிக்காவிட்டால், நிரல் அந்தப் பயணியைச் சுற்றுவழியில் அனுப்பிவிடும்.

நம் நாட்டுக்கு வாருங்கள். இங்கே தேசிய நெடுஞ்சாலை டிரங்க், மாநில நெடுஞ்சாலை பிரைமரி என்பது வழக்கம். எண்ணைப் பார்த்தால் போதும், சரிபார்ப்பது எளிது. ஆனால் கன்னியாகுமரிக்குச் செல்லும் அகன்ற 44ஆம் எண் சாலையும், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் 181ஆம் எண் சாலையும் ஒரே தரம், ஒரே நிறம். அந்த மலைச்சாலையில் வேக வரம்பைக் குறிக்காமல் விட்டால் குன்னூரை எத்தனை நிமிடத்தில் அடையலாம் என்று நிரல் சொல்லும் என, நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.