அடுத்த கெய்ர்ன் எங்கே?

சின்னச் சின்ன எண்ணெய்த் தேடல் கம்பெனிகள் முதலீட்டாளர்களுக்குத் தரும் அறிக்கைகளைக் கொஞ்ச காலமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் துறையின் ஆதரவாளர்களிடம் பேசினால் ஒரு பழைய கதை தவறாமல் வந்துவிடும்: கெய்ர்ன் எனர்ஜி.

ஸ்காட்லாந்தின் சிறிய கம்பெனி அது. ராஜஸ்தானின் பார்மர் பகுதியில் கூட்டாளியாக இருந்த ஷெல், 2002-ல் தன் பங்கைச் சுமார் 70 லட்சம் டாலருக்கு அதனிடமே விற்றுவிட்டு வெளியேறியது. 2004 ஜனவரியில் மங்களா வயல் கிடைத்தது. பங்கு விலை எகிறியது. ஷெல்லே கைவிட்ட இடத்தில் சின்னவன் ஜெயித்தான்!

கதை உண்மைதான். ஆனா பாதிக் கதை. 2010, 2011-ல் அதே கெய்ர்ன் கிரீன்லாந்துக் கடலில் எட்டுக் கிணறுகள் தோண்டியது. 100 கோடி டாலருக்கு மேல் செலவு. விற்கிற அளவுக்கு எண்ணெய் ஒன்றிலும் இல்லை. அதே கம்பெனி, அதே துணிச்சல். மூழ்காமல் தப்பியதற்குக் காரணம் ராஜஸ்தானில் வந்த பணம். 'அடுத்த கெய்ர்ன்' என்று விற்கப்படும் கம்பெனிகளிடம் அந்தப் பணம் இருக்காது.

அறிக்கைகளில் 'இத்தனை கோடி பீப்பாய்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். கீழே பார்த்தால் 'ப்ராஸ்பெக்டிவ் ரிசோர்சஸ்'. அதாவது இன்னும் கண்டுபிடிக்காத எண்ணெய், வெறும் மதிப்பீடு. 'ரிசர்வ்ஸ்' என்றால்தான் கண்டுபிடித்தது, லாபமாக எடுக்கக்கூடியது.

பக்கத்திலேயே 'வெற்றி வாய்ப்பு 20 சதவீதம்' என்றிருக்கும். அஞ்சு கிணறு தோண்டினா ஒண்ணு நிச்சயம் என்று மனசு கணக்குப் போடும். தப்பு. ஒரு கிணற்றின் முடிவு மற்றதைப் பாதிக்காது என்று வைத்துக்கொண்டால், 0.8-ஐ ஐந்து முறை பெருக்குங்கள்: 0.33. அதாவது ஐந்துமே வறண்டுபோக மூன்றில் ஒரு வாய்ப்பு.

இந்தக் கணக்கு 2012-ல் எனக்கும் தெரியும். லண்டனில் ஆன்சைட் வேலையில் இருந்தபோது அப்படி ஒரு பங்கை வாங்கினேன். பெயர் வேண்டாம். முதல் கிணறு வறண்டது. அடுத்த கிணற்றுக்குப் பணம் திரட்ட, குறைந்த விலையில் புதுப் பங்குகள் வெளியிட்டார்கள். இரண்டாவதும் அப்படியே, மறுபடியும் புதுப் பங்குகள். மூன்றாவதில் எரிவாயு கிடைத்தது! ஊருக்குப் போன் போட்டுச் சொன்னேன். ராத்திரி உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால், மொத்தப் பங்குகள் எட்டு மடங்காகியிருந்தன. கிடைத்ததில் என் பங்கு, வாங்கிய நாளில் இருந்ததில் எட்டில் ஒன்று. கடைசியில் நஷ்டத்துக்குத்தான் விற்றேன்.

வறண்ட கிணறுக்கு நான் தயாராகத்தான் இருந்தேன். அதற்கான பில் யார் தலையில் விழும் என்று மட்டும் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் நிலவியல் படங்களைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் மூன்றே எண்கள்: கையிருப்பு எவ்வளவு, அடுத்த கிணற்றுக்கு எவ்வளவு ஆகும், மூன்று வருஷத்தில் பங்குகளின் எண்ணிக்கை எத்தனை மடங்கானது. கெய்ர்ன் கதையைச் சொல்பவரிடம் இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள்.