வழிப்பறிக் கணக்கில் எழுதப்படாதவை

சென்னையில் வழிப்பறி குறைந்துவிட்டது என்று செய்தி வந்தால் நிம்மதி அடைகிறோம். கூடிவிட்டது என்றால் காவல்துறையைச் சாடுகிறோம். இரண்டுக்கும் ஆதாரம் ஒன்றுதான்: காவல் நிலையங்களில் பதிவான எஃப்.ஐ.ஆர்.களின் கூட்டுத்தொகை. எழுதப்பட்டது எவ்வளவு என்பதை அது சொல்லும். நடந்தது எவ்வளவு என்பது வேறு கேள்வி.

1953 முதல் தொடர்ந்து வரும் இந்திய அளவிலான குற்றத் தொகுப்பை நான் குறைத்து மதிக்கவில்லை. நாடு முழுவதற்கும் ஒரே சட்ட வரையறை, ஒரே படிவம் என்பது சிறிய காரியமில்லை. கொலையை மறைப்பது கடினம். வண்டி திருடு போனால் எஃப்.ஐ.ஆர். இல்லாமல் காப்பீட்டுப் பணம் கிடைக்காது. ஆகவே இவ்விரண்டு எண்களையும் பெருமளவு நம்பலாம். எந்தத் தெருவில், எந்த நேரத்தில் பறிப்பு அதிகம் என்று பார்த்து ரோந்து அனுப்பவும் பதிவுகள் உதவுகின்றன.

வழிப்பறியின் நிலை வேறு. காயமோ, வழிமறிப்போ, உடனடித் தாக்குதல் பற்றிய அச்சமோ சேர்ந்தால் திருட்டு கொள்ளையாகிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடிச் செய்தால் கூட்டுக்கொள்ளை. 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, 304ஆம் பிரிவில் பறிப்பைத் தனிக் குற்றமாக்கியது. அதற்கு மூன்றாண்டு வரை சிறை. கொள்ளைக்குப் பத்தாண்டு வரை. சங்கிலியை அறுத்துக்கொண்டு பைக்கில் போனவன்மேல் எந்தப் பிரிவு பாயும் என்பதை முதலில் தீர்மானிப்பது புகாரை எழுதும் அதிகாரி. கொள்ளைக் கணக்கு இறங்கிப் பறிப்புக் கணக்கு ஏறினால், தெருவில் ஏதோ மாறிவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை.

புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு விஷயம் நின்றுவிட்டால் எந்தக் கணக்கிலும் ஏறாது. கைது செய்யத்தக்க குற்றம் புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், ரசீதோடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஐந்து பவுன் சங்கிலியை இழந்தவர் உறவினரோடு போய் நிலையத்திலேயே உட்கார்ந்துவிடுவார். கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளி, செல்போனைப் பறிகொடுத்தால் ஒரு நாள் கூலியையும் இழந்து, தெரியாத மொழியில் புகார் சொல்லப் போவாரா? இந்த எண்ணிக்கையில் ஏழையின் இழப்பே முதலில் உதிர்கிறது. எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான்.

டெல்லியைப் பாருங்கள். 2013இல் சுமார் 80 ஆயிரமாக இருந்த இந்திய தண்டனைச் சட்ட வழக்குகள் 2014இல் ஒன்றரை லட்சத்தைத் தாண்டின. ஒரே ஆண்டில் அந்நகரம் இருமடங்கு கெட்டுவிடவில்லை; புகார்களை உள்ளபடி பதியத் தொடங்கினார்கள். நேர்மையாக எழுதிய நகரத்துக்குக் கெட்ட பெயர் கிடைத்தது. கணக்கு குறைந்தால் பாராட்டு, கூடினால் விளக்கக் கடிதம் என்று காவல் ஆய்வாளர்களை அளந்தால், எழுதாமல் விடுவதற்கு நாமே கூலி கொடுப்பதாகும்.

பதிவேட்டுக்கு வெளியே ஓர் அளவுகோல் வேண்டும். இங்கிலாந்தில் 1982 முதல் வீடுகளுக்கே போய், குற்றத்துக்கு ஆளானீர்களா என்று கேட்கிறார்கள். காவல்துறைப் பதிவுகளை முழுதாக நம்ப முடியாது என்று 2014இல் அந்நாட்டுப் புள்ளியியல் ஆணையம் அவற்றுக்கு இருந்த ‘தேசியப் புள்ளிவிவரம்’ என்ற தகுதியையே நீக்கியது. இங்கும் ஐ.டி.எஃப்.சி. ஆய்வு நிறுவனம் சென்னை உட்பட நான்கு நகரங்களில் நடத்திய அப்படி ஒரு கணக்கெடுப்பை 2017இல் வெளியிட்டது. அதை ஒரு தனியார் ஆய்வோடு விட்டுவிடக் கூடாது. தமிழக அரசு சென்னையில் ஆண்டுதோறும் இந்தக் கணக்கெடுப்பை நடத்த வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் எத்தனை சி.எஸ்.ஆர்., அவற்றில் எத்தனை எஃப்.ஐ.ஆர். ஆயின என்பதையும் பக்கத்தில் வைத்து வெளியிட வேண்டும்.