கும்பகோணத்து வீட்டுக்கு ஒரு சுரங்கப்பாதை

போனில் ஒரு பொத்தானைத் தட்டுகிறேன். அடுத்த நொடி, புனேயில் என் கையில் இருக்கும் அந்தப் போன் கும்பகோணத்து வீட்டு வைஃபையில் சேர்ந்துவிட்ட மாதிரியே நடந்துகொள்கிறது. வாசல், பக்கத்துச் சந்து, கொல்லை, மொட்டைமாடி என்று நான்கு கேமராவும் திறக்கின்றன. மாடியில் அம்மா காயவைத்த வத்தலை நோட்டம் விடும் காக்கைகூடத் துல்லியமாகத் தெரிகிறது. இந்தப் படம் எந்தக் கம்பெனியின் சர்வரையும் தொட்டு வரவில்லை. இதற்கு மாதச் சந்தாவும் கிடையாது. எல்லாம் ரவுட்டரில் போட்ட வயர்கார்ட் என்ற விபிஎன் செய்கிற வேலை. எத்தனையோ மென்பொருள்களோடு புழங்கியிருக்கிறேன், இத்தனை சந்தோஷம் கொடுத்தது வேறு எதுவும் இல்லை!

கேமரா மாட்ட வருகிறவர்கள் வழக்கமாக இரண்டு வழி சொல்வார்கள். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து தயாரிப்பாளரின் செயலியில் சேர்த்துவிடுவது ஒன்று. சுலபம்தான், ஆனால் நம் வாசலை நாமே பார்க்க இன்னொருவருடைய சர்வர் தயவு வேண்டும். மற்றது போர்ட் ஃபார்வர்டிங். வெளியிலிருந்து இந்த எண்ணுக்கு வருகிற எதையும் அந்தக் கேமராவுக்கு அனுப்பு என்று ரவுட்டருக்குச் சொல்லிவிடுவது. இதில் நமக்குத் திறக்கிற வழி ஊர் உலகத்துக்கும் திறக்கிறது. இணையத்தில் நேரடியாகத் தெரிகிற கருவிகளைத் தேடிக் காட்டுவதற்கென்றே ஷோடான் என்ற தேடுபொறி 2009இலிருந்து இருக்கிறது. 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரலும் இப்படித் தெரிந்த கேமராக்களையும் டிவிஆர்களையும்தான் தேடிப் போனது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்கள் அறுபது சொச்சத்தைப் போட்டுப் பார்த்தே உள்ளே புகுந்துவிட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தக் கேமராப் படை, தளங்களின் பெயருக்கு முகவரி சொல்லும் டைன் என்ற நிறுவனத்தின் மேல் பாய்ந்தபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்கவே இல்லை. அவ்வளவும் யார் வீட்டிலோ, கடையிலோ சாதுவாகத் தொங்கிக்கொண்டிருந்த கருவிகள்!

வயர்கார்டின் அழகு என்னவென்றால், அது கேமராவை வெளியே கொண்டுவருவதில்லை, போனை உள்ளே அழைத்துப்போகிறது. இதை எழுதியவர் ஜேசன் டோனன்ஃபெல்ட். லினக்ஸ் கருவுக்குள் இது சேர்க்கப்பட்டபோது அதன் நிரல் ஏறத்தாழ 4,000 வரிதான். லட்சக்கணக்கான வரிகளில் எழுதப்பட்ட பழைய விபிஎன்கள் செய்ததை இந்தச் சின்ன உருவம் செய்கிறது, அதுவும் வேகமாக. 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.6 முதல் அது கருவின் பகுதி. ரவுட்டரில் ஒரு சாவி, போனில் ஒரு சாவி. சரியான சாவியோடு வராத எந்தப் பொட்டலத்துக்கும் வயர்கார்ட் பதிலே சொல்லாது. ‘இல்லை’ என்றுகூடச் சொல்லாது. வெளியே நின்று தட்டிப் பார்க்கிறவனுக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது, வெறும் சுவர்தான். இந்த மௌனத்தை நினைத்தாலே எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

என் ரவுட்டரில் ஓடுவது ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற திறமூல மென்பொருள். 2002 கடைசியில் லிங்க்ஸிஸ் விற்க ஆரம்பித்த டபிள்யூஆர்டி54ஜி என்ற நீல நிற ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதை ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். திறமூல உரிமத்தின்படி அதன் நிரலை வெளியிட்டே ஆகவேண்டியிருந்தது. அந்த நிரலிலிருந்து 2004இல் முளைத்த திட்டம் இது. இன்றைக்கும் தன்னார்வலர்கள் கட்டிக்காக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பெரிய கும்பிடு! அமைப்பது மலைக்கிற வேலையே இல்லை. வயர்கார்டுக்கு ஒரு இடைமுகம் உருவாக்கி, சாவி பிறப்பிக்கச் சொல்லி, ஃபயர்வாலில் யுடிபி 51820 என்ற ஒரே எண்ணை அனுமதித்தால், ரவுட்டர் திரையிலேயே க்யூஆர் கோடு வந்து நிற்கிறது. போனில் வயர்கார்ட் செயலியைத் திறந்து ஸ்கேன் செய்தால் முடிந்தது. அம்மா போன், தங்கை போன் என்று ஆளுக்கொரு சாவி. ஒரு போன் தொலைந்தால் அந்தச் சாவியை மட்டும் நீக்கிவிடலாம்.

ஒரு விஷயம் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். ஐபிவி4 முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 430 கோடிதான். உலக இருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் பல இணையச் சேவையாளர்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கிறார்கள். ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64க்கும் 100.127க்கும் நடுவில் தொடங்கினால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து ரவுட்டரை எட்ட முடியாது. கூடுதல் பணம் கட்டி நிலையான முகவரி வாங்கலாம். வயர்கார்டின் மேல் எழுந்த டெயில்ஸ்கேல் போட்டால் அது தானே வழி கண்டுபிடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் கைகொடுத்தது ஐபிவி6. அதில் முகவரிக்குப் பஞ்சமே இல்லை, ரவுட்டருக்குச் சொந்தமாக ஒரு பொது முகவரி கிடைத்துவிடுகிறது. அது மாறும்போதெல்லாம் டக்டிஎன்எஸ் என்ற இலவசச் சேவையில் ரவுட்டரே பதிந்துவிடுகிறது, நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். ஐபிவி6 இல்லாத வைஃபையில் இருந்தால் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்கிறேன்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். போன் வீட்டுக்குள் வந்துவிட்டதால் கேமராக்களுக்கு இணையமே வேண்டாம். நான்குக்கும் ரவுட்டரில் நிலையான உள்முகவரி கொடுத்து, ‘இவர்கள் வெளியே போகக்கூடாது’ என்று ஒரு விதி எழுதிவிட்டேன். வீட்டுக்குள் பேசலாம், ரெக்கார்டருக்குப் படம் அனுப்பலாம், வேலியைத் தாண்ட முடியாது. இப்படிப் பூட்டினால் கேமரா நேரம் கேட்கப் போகும் வழியும் அடைபட்டுவிடும், நாளடைவில் படத்தின் மூலையில் இருக்கும் கடிகாரம் தப்பாக ஓடும். அதற்கும் ஓப்பன் டபிள்யூஆர்டியில் மருந்து இருக்கிறது! ஒரு கட்டத்தை டிக் செய்தால் ரவுட்டரே வீட்டுக்கு நேரம் சொல்லும் சர்வராகிவிடுகிறது. கேமராவில் என்டிபி முகவரியாக ரவுட்டரைக் கொடுத்தேன். நாலும் நொடி பிசகாமல் ஒரே நேரம் காட்டுகின்றன. இப்படிப்பட்ட பொருத்தத்தைப் பார்க்கும்போது மனசு துள்ளுகிறது.

இன்னும் ஓரிரு யோசனைகள். வீட்டு நெட்வொர்க்குக்கு 192.168.1 என்ற வரிசையை வைக்காதீர்கள். பாதி ஊர் அதைத்தான் வைத்திருக்கிறது. சித்தப்பா வீட்டு வைஃபையிலும் அதே எண் இருந்தால் போனுக்கு எந்த வீடு எது என்று புரியாது. நாங்கள் 192.168.77 வைத்திருக்கிறோம். போனில் அந்த வரிசையை மட்டும் வயர்கார்ட் சுரங்கத்துக்குள் அனுப்பினால் யூடியூபும் வாட்ஸப்பும் வழக்கமான பாதையில் போகும். போனில் பார்க்கக் கேமராவின் சப்ஸ்ட்ரீம் தாராளமாகப் போதும், ஆள் முகம் தெளிவாக வேண்டும்போது மெயின் ஸ்ட்ரீமுக்குப் போகலாம். ஆர்டிஎஸ்பி முகவரியைக் கொடுத்தால் விஎல்சியிலேயே ஓடுகிறது. ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு மினி யுபிஎஸ் கட்டாயம் வாங்குங்கள். கரண்ட் போய் வரும்போதெல்லாம் இரண்டும் புதிதாக எழுந்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

வீட்டுக்குள்ளே ஒரு கேமராவும் வைக்கவில்லை. அது அப்பா அம்மாவின் இடம். சாவி யார் யாரிடம் இருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். இப்போது அம்மாவே இதை நன்றாகப் பயன்படுத்துகிறார். ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சிக்குப் போனபோது மண்டபத்திலிருந்து போன் செய்தார். “தம்பி, கொல்லைக் கதவைச் சாத்தினேனான்னு சந்தேகமா இருந்துச்சுடா. நானே பார்த்துட்டேன், சாத்தித்தான் இருக்கு” என்றார். நான் ரயிலில் இருந்தேன். அந்தக் குரலில் இருந்த தெம்பைக் கேட்டதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் வயர்கார்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். பாவம், இறங்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

அடுத்தது கோயம்புத்தூரில் தங்கை வீடு. அவளுடைய ரவுட்டரிலும் ஓப்பன் டபிள்யூஆர்டி ஏற்றி, 192.168.78 என்று தனி வரிசை கொடுத்து, இரண்டு ரவுட்டரையும் நேராக இணைக்கப்போகிறேன். இரு பக்கமும் ஃபைபர் என்பதால் அப்லோடுக்குக் குறைவில்லை. வாசல் கேமராவின் பதிவு மட்டும் ராத்திரியில் அவள் வீட்டு ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதியாகப் போய்ச் சேரும். திருடன் ரெக்கார்டரையே தூக்கிக்கொண்டு போனாலும் முந்தைய நாள்வரையான வாசல் பதிவு கோயம்புத்தூரில் பத்திரமாக இருக்கும். தங்கைக்கான சாவிகளை ஏற்கெனவே உருவாக்கி வைத்துவிட்டேன்.