மன்னிப்புக் கேட்ட மடல் – ஒரு மறுவாசிப்பு

கடிதமும் இலக்கியமே என்பதில் கிறிஸ்தவர்களாகிய நமக்கு ஐயம் எழ நியாயமில்லை. புதிய ஏற்பாட்டு நூல்கள் 27-இல் 21 திருமுகங்களாகவே அமைந்துள்ளன. அவற்றுள் மிகச் சிறியதொன்றில், ஓடிப்போன அடிமை ஒருவனைச் சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி பிலமோனிடம் பவுலடியார் எத்துணை நயமாக வாதாடுகிறார் என்பதை நாம் பலமுறை வாசித்து வியந்திருக்கிறோம். அத்திருமுகத்தின் வரிசையில் வைத்து எண்ணத்தக்க ஒரு மடல், நம் காலத்திற்குச் சற்று முன்னர், உரோமை நகரில் எழுதப்பட்டது. அதனைப் பலரும் ஒரே ஒரு வாக்கியத்திற்காக மட்டுமே நினைவுகூர்கின்றனர். அது அம்மடலுக்கு நேர்ந்த அநீதி என்பது என் கருத்து. முழுமையாக வாசித்தால் அதன் பெருமையும் தெரிகிறது, குறையும் தெரிகிறது.

1965 நவம்பர் 18. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் நிறைவடைய மூன்று வாரங்களும் இல்லை. போலந்து நாட்டு ஆயர்கள் ஜெர்மனி நாட்டு ஆயர்களுக்கு ஒரு மடல் விடுத்தனர். 1966-இல் போலந்து திருமுழுக்குப் பெற்றதன் ஆயிரமாண்டு நிறைவு. அவ்விழாவிற்கு அழைப்பு விடுத்துப் பல நாட்டு ஆயர் பேரவைகளுக்கும் அவர்கள் மடல் எழுதினர். ஜெர்மானியருக்கு எழுதியதும் வெளித்தோற்றத்தில் அவ்வகை அழைப்பிதழே. ஆனால் இருபதாண்டுகளுக்கு முன்புவரை அந்நாடுகளின் உறவு எப்படியிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், எந்த அழைப்பிதழை எழுதுவதற்குப் பேனா நடுங்கியிருக்கும் என்பது விளங்கும்.

மடலை வரைந்தவர் பேராயர் போலஸ்லாவ் கோமினெக். 1903-இல், ஜெர்மானியப் பேரரசின் ஆட்சியிலிருந்த சிலேசியாவில் பிறந்தவர். இரு மொழிகளும் இரு மக்களும் கலந்து வாழ்ந்த எல்லைப்புறத்தின் மைந்தர். போருக்குப் பின், ஜெர்மானியர் வெளியேற்றப்பட்ட பிரெஸ்லாவ் நகரம் போலந்தின் விரோத்சுவாஃப் ஆனபோது, அந்நகரின் ஆயர் பொறுப்பு பின்னாளில் அவரிடம் வந்தது. இம்மடலை அவர் ஜெர்மன் மொழியிலேயே எழுதினார் என்பது சிறிய செய்தி அன்று. ஆக்கிரமிப்புக் காலத்தில் கட்டளைகளும் தண்டனை அறிவிப்புகளும் எந்த மொழியில் சுவர்களில் ஒட்டப்பட்டனவோ, அதே மொழியில் மன்னிப்பும் எழுதப்பட்டது. எதிரியின் மொழியை அறிந்தவனே எதிரிக்குத் தூது செல்ல முடியும். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பேசும் அரசுத் தூதர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

மடலின் பெரும்பகுதி வரலாறு. அவசரப்படும் வாசகர் இதனைத் தாண்டிச் சென்றுவிடுவார். தாண்டக்கூடாது. ஏனெனில் கோமினெக்கின் கலைத்திறன் இங்கேதான் இருக்கிறது. தொடக்கத்திலேயே காயத்தைத் திறந்து காட்டாமல், அண்டை நாட்டிலிருந்து தம் மக்கள் பெற்ற நன்மைகளை அவர் முதலில் எண்ணுகிறார். வணிகரும் கட்டடக் கலைஞரும் சிற்பிகளும் வந்தனர். கிராக்கூ நகரின் மரியன்னை ஆலயப் பீடத்தைச் செதுக்கிய ஃபைட் ஷ்டோஸ் வந்தார். ஜெர்மன் மண்ணில் பிறந்து சிலேசிய மக்களின் தாயாக விளங்கிய புனித ஹெட்விக் வந்தார். அதன்பிறகே சிலுவையின் பெயரால் வாளேந்திய தியூத்தோனிய வீரர்களைப் பற்றிய கசப்பும், நாடு பங்கிடப்பட்ட துயரமும் வருகின்றன. கடைசியாக நாசிகளின் காலம். அறுபது இலட்சத்திற்கும் மேற்பட்ட போலந்துக் குடிமக்கள் அழிந்தனர், அவர்களுள் பெரும்பாலோர் யூதர். இரண்டாயிரம் குருக்களும் ஐந்து ஆயர்களும் முகாம்களில் மாண்டனர் என்று மடல் எண்ணிக்கை சொல்கிறது. குரல் உயர்வதில்லை. கணக்கை மட்டும் வைத்துவிட்டு நகர்கிறது.

இறுதியில்தான் அந்தப் புகழ்பெற்ற வாக்கியம். பொதுச்சங்கத்தின் இருக்கைகளிலிருந்து கைகளை நீட்டி, மன்னிப்பை வழங்குவதாகவும் மன்னிப்பை வேண்டுவதாகவும் ஆயர்கள் கூறினர். கையொப்பமிட்டவர்களுள் கர்தினால் ஸ்டெஃபான் விஷின்ஸ்கியும், அன்று கிராக்கூவின் பேராயராயிருந்த, பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலான கரோல் வொய்த்திவாவும் இருந்தனர்.

போலந்தில் எழுந்த கொந்தளிப்பைச் சொல்லி முடியாது. பொதுவுடைமை அரசு செய்தித்தாள்களை ஏவியது. உங்களுக்கு இந்த உரிமையைத் தந்தவர் யார் என்று கேட்டது. விஷின்ஸ்கியின் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. 1966 விழாவிற்குத் திருத்தந்தை ஆறாம் பவுல் வருவதற்கு அனுமதி கிடைக்கவில்லை. ஆக்கிரமிப்புக் காலத்தில் வொய்த்திவா கூலியாக வேலைபார்த்த சோல்வே தொழிற்சாலையின் பணியாளர் பெயரிலேயே அவரைக் கண்டித்து வெளிப்படையான கடிதம் வந்தது. தானும் அவர்களோடு அந்த ஆண்டுகளைக் கழித்தவன் என்பதை நினைவூட்டி அவர் பதிலெழுதினார்.

அரசின் நோக்கம் நமக்குத் தெரியும். ஆனால் அக்கேள்வியை அரசு மட்டும் கேட்கவில்லை. கோவிலுக்குச் செல்லும் எளிய மக்களும் கேட்டனர்: நாங்கள் எதற்காக ஜெர்மானியரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்? மகனை முகாமில் இழந்த தாய் ஒருத்திக்கு இக்கேள்வி கேட்க உரிமையில்லை என்று எந்தக் குருவானவர் சொல்லத் துணிவார்? மடல் வந்ததையே பலர், அதனைத் தாக்கிய நாளேடுகள் வழியாகத்தான் அறிந்தனர். பொதுநிலையினரைக் கலந்து பேசாமல் அவர்கள் பெயரால் மன்னித்தது ஆயர்கள் செய்த முதற்பிழை. தணிக்கையும் கண்காணிப்பும் நிறைந்த நாட்டில் வேறு வழி இருந்ததா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். எனினும் பிழை பிழையே. அறுபது இலட்சத்தில் பெரும்பாலோர் யூதர் என்று எழுதிவிட்டு, அவர்களுக்கும் சேர்த்து மன்னிப்பை வழங்கக் கத்தோலிக்க ஆயர்களால் இயலுமா என்பதை மடல் தொடவே இல்லை. இறந்தவர் சார்பில் மன்னிக்க எவருக்கும் அதிகாரமில்லை என்று யூதர் சொல்வதை நாம் செவிமடுக்க வேண்டும்.

இரண்டாவது குறை நுட்பமானது. குருமடத்தில் ஒப்புரவு அருட்சாதனத்தைக் கற்றபோது, மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம் என்னும் மூன்றையும் எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் எழுதி, ஒன்று குறைந்தாலும் நாற்காலிக்கு ஒரு கால் குறைந்ததுபோல் என்பார். அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தேன். ஜெர்மானியர் செய்த தீமைகளுக்கு எண்ணும் பெயரும் உண்டு. போலந்தியர் மன்னிப்புக் கேட்பது எதற்காக என்பதற்குப் பெயரில்லை. தம் இல்லங்களை விட்டு வெளியேற்றப்பட்ட இலட்சக்கணக்கான ஜெர்மானியரின் துன்பத்தை மடல் குறிப்பிடுகிறது. ஆனால் அது 1945-இல் போட்ஸ்டாமில் வென்ற வல்லரசுகளின் ஆணைப்படி நேர்ந்தது என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. யாரோ செய்தது போன்ற தொனி. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்திருக்கும் எவருக்கும் இத்தொனி பழக்கமானது. ‘சாமி, நடந்துபோச்சு’ என்பார்கள். ‘செய்தேன்’ என்று வாய் வராது.

ஆயினும் இதனைக் குறையாகச் சொல்லும்போதே எனக்குள் ஒரு தயக்கம். பாவத்தைப் பெயரிட்டிருந்தால் அம்மடல் போலந்தில் பிழைத்திருக்குமா? பெயரிடாமல் கேட்ட மன்னிப்பே அவ்வளவு பெரிய புயலைக் கிளப்பியதே!

ஜெர்மன் ஆயர்களின் மறுமொழி டிசம்பர் 5-இல் வந்தது. அழகிய, பணிவான மொழி. நன்றி உண்டு, மன்னிப்பு வேண்டுதலும் உண்டு. ஆனால் போலந்து உயிர்மூச்சாகக் கருதிய ஒன்று, அதாவது ஓடர்–நைசே ஆறுகளை எல்லையாக ஏற்பது, அதில் இல்லை. வெளியேற்றப்பட்டவர்கள் தாயக உரிமை பேசுவதில் பகைமை நோக்கமில்லை என்ற விளக்கமே இருந்தது. மனத்துயர் இருந்தது, பரிகாரம் இல்லை. இவ்விரு மடல்களையும் அருகருகே வைத்து வாசிப்பவருக்கு, முதலாவது துணிவாலும் இரண்டாவது எச்சரிக்கையாலும் எழுதப்பட்டது என்பது எளிதில் புலப்படும். பல ஆண்டுகளுக்குப் பின்னரும் விஷின்ஸ்கியின் உள்ளத்தில் அந்த ஏமாற்றம் ஆறவில்லை. ஜெர்மனியின் லுத்தரன் மற்றும் சீர்திருத்த சபைகள் அதே 1965 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, எல்லைப் பிரச்சனையில் நம் ஆயர்களைக் காட்டிலும் தெளிவாகப் பேசியது என்பதைக் கூச்சமின்றி ஒப்புக்கொள்வோம்.

எல்லையை ஏற்க அரசியல்வாதி ஒருவர் வரவேண்டியிருந்தது. 1970 டிசம்பர் 7-இல் வில்லி பிராண்ட் வார்சாவில் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார். அன்றே யூதச் சேரியின் நினைவுச்சின்னத்தின் முன் முழந்தாளிட்டார். வத்திக்கானோ அவ்வுடன்படிக்கை ஜெர்மன் நாடாளுமன்றத்தில் உறுதிசெய்யப்படும்வரை காத்திருந்து, 1972 ஜூன் 28-இல்தான் அப்பகுதிகளில் நிலையான போலந்து மறைமாவட்டங்களை நிறுவியது. பதினாறு ஆண்டுகள் ஆயராயிருந்தும் தம் நகரத்தின் பெயரைச் சூடாதிருந்த கோமினெக், அன்றே விரோத்சுவாஃபின் பேராயரானார். இரண்டாண்டுகளில், 1974-இல், இறந்துபோனார்.

1989 நவம்பர் 12-இல் கிஷிசோவா என்னும் சிற்றூரில் திருப்பலி நடந்தது. பெர்லின் மதில் திறந்து மூன்று நாட்களே ஆகியிருந்தன. சமாதான அறிகுறி பகிரும் வேளையில் ஜெர்மன் சான்சலர் ஹெல்முட் கோலும் போலந்துப் பிரதமர் ததேயுஷ் மசோவியெட்ஸ்கியும் தழுவிக்கொண்ட படம் இன்றும் அச்சாகிறது. அப்படத்தைப் பார்ப்போர் மறப்பது ஒன்றுண்டு: எல்லையை இறுதியாக ஏற்கக் கோல் அதன்பின்னும் பல மாதங்கள் தயங்கினார். உடன்படிக்கை 1990 நவம்பர் 14-இல்தான் கையொப்பமாயிற்று. தழுவுதல் எளிது, நிலவரைபடத்தில் கோடு போடுவது கடினம். 2022-இல் போலந்து அரசு போர் இழப்பீடாக ஏறத்தாழ 1.3 இலட்சம் கோடி யூரோ கேட்டதும், ஜெர்மனி அதனை மறுத்ததும் பரிகாரம் பற்றிய அந்தப் பழைய வழக்கின் தொடர்ச்சியே.

அம்மடலின் வாக்கியம் மட்டும் வேறிடங்களுக்கும் பயணம் செய்தது. 2005-இல் போலந்து ஆயர்களும் உக்ரைனின் கிரேக்கக் கத்தோலிக்க ஆயர்களும் அதே சொற்களை எடுத்துத் தங்கள் இரு மக்களுக்காகவும் வேண்டினர். இரண்டாம் உலகப்போரின் போது அங்கே அண்டை வீட்டாரே அண்டை வீட்டாரைக் கொன்றிருந்தனர். சொற்கள் சொல்லப்பட்ட பின்னரும் கொல்லப்பட்டோரின் குழிகளைத் தோண்டுவதற்கு 2017 முதல் தடை இருந்தது. 2025-இல் புஜ்னிகி என்னும் அழிந்துபோன சிற்றூரில் அனுமதி கிடைத்து, எலும்புகள் எடுக்கப்பட்டு, சவப்பெட்டிகளில் வைத்து முறைப்படி அடக்கம் செய்யப்பட்டன.