முதல் பக்கத்தின் விலை

புதிதாக வெப்சைட் போட்ட எந்தத் தொழில்காரருக்கும் அந்த போன் வந்தே தீரும். "சார், உங்க சைட் கூகுள்ல எங்கேயுமே வரலியே? மாசம் எட்டாயிரம்தான், மூணு மாசத்துல ஃபர்ஸ்ட் பேஜ் கேரன்ட்டி." முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. அதைப் படித்தவர்கள் குறைவு. எட்டாயிரம் கட்டியவர்கள் அதிகம்.

எஸ்.இ.ஓ. எனப்படும் தேடுபொறி உகப்பாக்கத்தை மொத்தமும் பித்தலாட்டம் என்று தள்ளுகிறவர்கள் உண்டு. அது இல்லாமல் இனி வியாபாரமே இல்லை என்கிறவர்களும் உண்டு. என் கணக்கு வேறு. இந்தத் தொழிலில் இரண்டு வேலைகள் ஒரே பில்லில் வருகின்றன. வாடிக்கையாளர் கேட்பதற்கு ஒழுங்காகப் பதில் எழுதி, அது அவர் கண்ணில் படும்படி வைப்பது ஒரு வேலை. அப்படியொரு பதில் இருப்பதாகக் கூகுளை நம்பவைப்பது இன்னொரு வேலை. முதலாவதை ஒருமுறை உருப்படியாகச் செய்துவிட்டால் வருடக்கணக்கில் நிற்கும். அவ்வப்போது திருத்தினால் போதும். ஆகவே அதை மாதச் சந்தாவாக விற்பது கஷ்டம். மாதாமாதம் விற்க வாகானது இரண்டாவதுதான். இந்தத் துறையின் கோளாறில் பாதி இந்த பில் போடும் முறையில் இருக்கிறது.

முதல் வேலையின் அருமையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஒரு கல்யாண மண்டபத்தின் தளத்தை எடுத்துக்கொள்வோம். உரிமையாளர் ஆசைப்பட்டுக் கட்டிய முகப்பில் என்ன இருக்கும்? திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்றும் படம், நிறுவனர் படம், 'உங்கள் இல்லத் திருமணம் எங்கள் இல்லத் திருமணம்' என்ற வரி, நிறுத்த வழி தெரியாமல் ஓடும் நாதஸ்வரம். பெண் வீட்டுக்காரர் தேடி வந்தது வேறு. எத்தனை பேர் உட்காரலாம், ஒரு பந்திக்கு எத்தனை இலை, கார் எத்தனை நிற்கும், வெளிச் சமையல்காரரை விடுவார்களா, மாடி அறைகளுக்கு லிஃப்ட் உண்டா, வாடகை ஒரு நாளைக்கா ஒன்றரை நாளைக்கா, ஜெனரேட்டர் டீசல் தனிக் கணக்கா? இதில் ஒன்றுக்குக்கூட முகப்பில் பதில் இருக்காது.

நல்ல எஸ்.இ.ஓ. ஆள் இங்கேதான் தன் சம்பளத்தைச் சம்பாதிக்கிறார். எந்தெந்தச் சொற்களைத் தட்டியவர்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதைக் கூகுளின் சர்ச் கன்சோல் காசு வாங்காமலே காட்டும். அந்தப் பட்டியலைப் பொறுமையாகப் படித்தால் ஜனங்கள் எதைக் கேட்கிறார்கள் என்பது உரிமையாளருக்கே முதல்முறையாகத் தெரியவரும். பிறகு ஒவ்வொரு பக்கத்துக்கும் தெளிவான தலைப்பு, போனில் சட்டென்று திறக்கும்படி சுருக்கிய படங்கள், மேப்பில் சரியான இடம், எடுக்கிற போன் நம்பர். இவற்றில் மாயம் எதுவும் இல்லை. ஆனால் விளம்பரத்துக்குக் கொட்டப் பணமில்லாத சின்ன மண்டபம், பெரிய மண்டபத்துக்குப் பக்கத்தில் அதே திரையில் நிற்பதற்கு இதைவிட மலிவான வழி இதற்கு முன் இருந்ததில்லை. முன்பு டெலிபோன் டைரக்டரியின் மஞ்சள் பக்கங்களில் பெரிய கட்டம் வாங்கியவர்தான் கண்ணில் பட்டார்.

இரண்டாவது வேலைக்கு வருவோம். 1990-களின் தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் சொற்களை வைத்தே தரம் பிரித்தன. உடனே வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் நூறு தடவை ஒரே சொல்லை எழுதி மறைத்து வைக்கும் கலை பிறந்தது. 1998-இல் கூகுளின் நிறுவனர்கள் லாரி பேஜும் செர்ஜி பிரினும் கொண்டுவந்த முறை, ஒரு தளத்துக்குப் பிற தளங்கள் கொடுக்கும் இணைப்பை ஓட்டாக எண்ணியது. அருமையான யோசனை, இணைப்புக்கு மதிப்பு உண்டு என்று ஊருக்குத் தெரியும்வரை. தெரிந்ததும் இணைப்புக்கும் சந்தை வந்தது. எந்தக் கேள்வி வரும் என்று தெரிந்த பிள்ளை பாடத்தையா படிக்கும்? அளவுகோலையே இலக்காக்கினால் அளவுகோல் கெட்டுப்போகும் என்ற கருத்தைப் பொருளியலில் சார்ல்ஸ் குட்ஹார்ட் பெயரால் சொல்வார்கள். அவர் அதை 1975-இல் பணக் கொள்கை பற்றிச் சொன்னார். தேடுபொறிக்கும் அச்சாகப் பொருந்துகிறது.

சின்னவர்கள் மட்டும்தான் இதைச் செய்தார்கள் என்று நினைக்க வேண்டாம். 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ.வின் ஜெர்மன் தளத்தையே கூகுள் தன் பட்டியலிலிருந்து தூக்கியது. தேடுபொறிக்கு ஒரு பக்கம், மனிதருக்கு வேறொரு பக்கம் என்று காட்டியதுதான் குற்றம். 2011-இல் வெளிவந்த ஜே.சி.பென்னி விவகாரம் இன்னும் சுவாரசியம். அமெரிக்காவின் அந்தப் பழைய பல்பொருள் அங்காடி நிறுவனம், உடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் மாதக்கணக்கில் மேலே நின்றது. சாம்சொனைட் பெட்டியைத் தேடினால் சாம்சொனைட் நிறுவனத்தின் தளத்துக்கே மேலே நின்றது! நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் துருவியபோது, அதன் சரக்குக்குச் சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் இணைப்புகள் விதைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. கூகுள் கைவைத்த அன்று மாலை ஏழு மணிக்குப் பெட்டித் தேடலில் முதலிடம். ஒன்பது மணிக்கு 71-ஆம் இடம். தனக்கு எதுவும் தெரியாது என்று சொன்ன நிறுவனம், தன் எஸ்.இ.ஓ. ஏஜென்சியை நீக்கியது.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் கூகுளின் தேடல் முறையில் 'பெங்குவின்' என்ற மாற்றம் வந்தபோது, காசு கொடுத்து வாங்கிய இணைப்புகள் ஏராளமான தளங்களுக்குப் பாரமாகிவிட்டன. இணைப்பு வைக்கக் காசு வாங்கிய துறை, அதை எடுக்கவும் காசு வாங்கியது. 2006-இல் தூக்கப்பட்ட பி.எம்.டபிள்யூ. சில நாட்களில் பட்டியலுக்குத் திரும்பிவிட்டது. பெயரில்லாத ஒரு கடை விழுந்தால் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது?

நம் ஊரில் இதே வேலையின் மலிவுப் பதிப்பு ஊர்ப் பக்கங்கள். ஏ.சி. பழுதுபார்க்கும் கடை ஒன்று. தளத்தில் நாற்பது பக்கங்கள். தாம்பரத்துக்கு ஒன்று, குரோம்பேட்டைக்கு ஒன்று, பல்லாவரத்துக்கு ஒன்று. ஊர்ப் பெயரைத் தவிர எல்லாம் ஒரே எழுத்து. தாம்பரம் பக்கத்தின் மூன்றாவது பத்தியில் 'வேளச்சேரி மக்களின் நம்பிக்கை பெற்ற' என்று வந்து நிற்கும், மாற்ற மறந்திருப்பார்கள். இது தமிழில் எழுதப்படும்போது இன்னொரு கொடுமையும் சேர்கிறது. 'சிறந்த திருமண மண்டபம் கோயம்புத்தூர்' என்று கீவேர்டை, அதாவது தேடுகிறவர் தட்டும் சொற்றொடரை, முடிவு செய்து, அதை உடைக்கக் கூடாது என்று எழுதுபவருக்கு உத்தரவு போட்டுவிடுவார்கள். அவர் என்ன செய்வார்? 'சிறந்த திருமண மண்டபம் கோயம்புத்தூர் தேடுகிறீர்களா? சிறந்த திருமண மண்டபம் கோயம்புத்தூர் எங்களிடம் உள்ளது' என்று எழுதுவார். பெயர்ச்சொல் உருபேற்று உருமாறும் மொழியில் கீவேர்ட் உடையாமல் இருக்க வேண்டுமென்றால் வாக்கியம் உடைய வேண்டியதுதான். இத்தனைக்கும் தேடுகிற பலர் தட்டுவது ஆங்கில எழுத்தில்.

இதையெல்லாம் உரிமையாளர் ஏன் கண்டுபிடிப்பதில்லை? ஏஜென்சி தரும் மாத அறிக்கை அவரைக் கண்டுபிடிக்க விடுவதில்லை. முப்பது பக்க பி.டி.எஃப்., பச்சை அம்புகள், 'இம்ப்ரெஷன்' (பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது என்ற கணக்கு) ஏறிய கோடு. முதலிடம் பிடித்ததாகக் காட்டும் கீவேர்டைப் பார்த்தால் பேட்டை, ஏ.சி., இருக்கை எண்ணிக்கை, குறைந்த விலை எல்லாம் சேர்ந்து எட்டுச் சொல் நீளத்துக்கு இருக்கும். உலகில் யாரும் அதைத் தட்டப்போவதில்லை. போட்டியே இல்லாத பந்தயத்தில் முதலிடம். அறிக்கையில் இல்லாதவை: எத்தனை பேர் போன் செய்தார்கள், எத்தனை பேர் தேதி கேட்டார்கள், எத்தனை பேர் அட்வான்ஸ் கொடுத்தார்கள். மண்டபத்தின் பெயரையே தட்டி வந்தவர்களும் ஏஜென்சியின் வெற்றிக் கணக்கில் ஏறிவிடுகிறார்கள். பெயர் தெரிந்தவர் எப்படியும் வந்திருப்பார்.

அப்படி வந்திருப்பார் என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. ஈபே நிறுவனம் 2012-இல் தன் பெயரைத் தேடுவோருக்குக் காட்டிவந்த விளம்பரங்களை யாஹூ, எம்.எஸ்.என். தேடல்களில் நிறுத்திப் பார்த்தது. விளம்பரத்தால் வந்ததாக எண்ணப்பட்ட கிளிக்குகளில் 99.5 சதவீதம் விளம்பரம் இல்லாமலே, வழக்கமான தேடல் முடிவு வழியாக வந்து சேர்ந்தன. பிளேக், நோஸ்கோ, டடேலிஸ் மூவரும் எழுதிய அந்த ஆய்வு 2015-இல் எகானமெட்ரிகா இதழில் வந்தது. பொதுச் சொற்களுக்கான விளம்பரத்தைக் கூகுளில் சோதித்தபோது, ஏற்கெனவே அடிக்கடி வாங்குபவர்களிடம் அது எதையும் மாற்றவில்லை. புதியவர்களிடமும் எப்போதாவது வருகிறவர்களிடமும் பலித்தது. பெரிய பெயருக்கு வீண்செலவாகிற அதே விளம்பரம், ஊருக்குத் தெரியாத புதுக்கடைக்கு நியாயமான முதலீடு. ஏஜென்சி இரண்டுக்கும் ஒரே ஆலோசனை சொன்னால் சந்தேகப்படலாம்.

'என் பெயருக்கு விளம்பரம் கொடுக்காவிட்டால் போட்டிக்காரன் அங்கே வந்து உட்காருவானே' என்று கேட்டால், அது நியாயமான பயம். சென்னையின் பாரத் மேட்ரிமோனி நிறுவனம் இதற்காகவே சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது: தன் வணிகப் பெயர்களைத் தேடுகிறவர்களுக்குப் போட்டி நிறுவனங்களின் விளம்பரத்தைக் கூகுள் காட்டலாமா என்பதுதான் சண்டை. வீட்டுச் சாமான் இடம் மாற்றித் தரும் அகர்வால் பேக்கர்ஸ் நிறுவனத்தின் வழக்கில் 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றம், பிறர் வணிகப் பெயரைக் கீவேர்டாக வைப்பது மட்டுமே மீறல் ஆகாது, வாடிக்கையாளரைக் குழப்பினால் ஆகும் என்றது. இதில் கூகுள் கைகட்டி நிற்கும் இடைத்தரகர் அல்ல, பங்காளிதான் என்றும் சொன்னது. பாரத் மேட்ரிமோனியும் ஜெய்ப்பூர் நுகர்வோர் அமைப்பான கட்ஸும் தொடுத்த புகார்களில், தன் சொந்த விமான டிக்கெட் தேடலை முடிவுப் பக்கத்தில் தூக்கி வைத்தது உள்ளிட்டவற்றுக்காக 2018 பிப்ரவரியில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கூகுள் மேல்முறையீட்டுக்குப் போனது. இத்தனைக்கும், விளம்பர வருமானத்தில் நடக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று, தங்கள் முறையை விளக்கிய 1998 கட்டுரையின் பின்னிணைப்பில் எழுதியவர்கள் பேஜும் பிரினும்தான். 2000-இல் அவர்களே விளம்பரம் விற்கத் தொடங்கினார்கள்.

இப்போது ஆட்டம் வேறு களத்துக்குப் போகிறது. 2024 மே மாதம் முதல் அமெரிக்காவிலும் பிறகு இந்தியா உள்ளிட்ட நாடுகளிலும் தேடல் பக்கத்தின் உச்சியில் கூகுளின் செயற்கை நுண்ணறிவே பதிலைத் தொகுத்துத் தருகிறது. அந்தப் பதிலில் இடம்பிடித்துத் தருவதாகச் சொல்லி, 'ஜி.இ.ஓ.' என்ற பெயரில் ஏஜென்சிகளின் புது பேக்கேஜும் வந்துவிட்டது. மண்டபக்காரருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. பதில் எங்கே கிடைத்தாலும் கல்யாணத்துக்கு மண்டபத்துக்குத்தான் வந்தாக வேண்டும். எழுத்தையே சரக்காக வைத்திருந்தவர்கள் நிலைமை அப்படியல்ல. சமையல் குறிப்பு, மிக்ஸி ஒப்பீடு, பயண வழிகாட்டி எழுதி, வருகிற கூட்டத்துக்கு விளம்பரம் காட்டிப் பிழைத்த தளங்களில் ஒழுங்காக எழுதியவையும் உண்டு. அவர்கள் எழுதியதை வைத்தே பதில் தொகுக்கப்படுகிறது. வாசகர் அவர்கள் பக்கம் வர வேண்டிய அவசியம் குறைகிறது. பல வருடம் உழைத்துப் பிடித்த முதலிடம் அவர்களுக்கு இன்னும் இருக்கிறது, திரையில் ஒரு முழம் கீழே.